ஷவருக்கு முன்னால் ட்ரிப் சுவிட்சைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மின்சாரம் தாக்கி ஒருவர் உயிரிழந்தார் என்ற செய்தி உங்கள் பத்திரிகையில் வரும்போதெல்லாம் அதைக் கடைசி வரி வரை வாசிப்பவன் நான். இறந்தவரின் ஊர் இருக்கும், வயது இருக்கும், சடலம் எந்த வைத்தியசாலையில் வைக்கப்பட்டுள்ளது என்பதும் இருக்கும். பொலிஸார் மேலதிக விசாரணை நடத்துகிறார்கள் என்று முடியும். கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச் அந்த வீட்டில் இருந்ததா, இருந்தால் ஏன் விழவில்லை, கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் ஏர்த் வயர் எங்கே போய் முடிந்தது என்பதை மட்டும் ஒருவரும் எழுதுவதில்லை. ஒரு மனிதர் ஏன் இறந்தார் என்பதற்கான பதில் பெரும்பாலும் அந்த மூன்று கேள்விகளுக்குள் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் வட்டக்கச்சியில் இருந்து வீட்டு வயரிங் வேலை செய்கிறேன். விசுவமடு, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், மல்லாவி வரைக்கும் மோட்டார் சைக்கிளில் போய் வருவேன். சில வருடங்களாக எனக்கு வரும் அழைப்புகளில் ஒரு வகை கூடிக்கொண்டே போகிறது. "சுடுதண்ணீர் ஷவர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம், வந்து பூட்டித் தர முடியுமா?" வற்றாப்பளைப் பொங்கலுக்கும் மடுத் திருவிழாவுக்கும் வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வரும் காலத்தில் இந்த அழைப்புகள் அதிகம்.

வன்னி வெயிலில் சுடுதண்ணீர் எதற்கு என்று கேட்பவர்கள், மார்கழி விடியலில் இரணைமடுப் பக்கம் ஒரு கிணற்றடியில் நின்று நாலு வாளி அள்ளி ஊற்றிப் பார்க்க வேண்டும். மூட்டு வலியுள்ள முதியவர்கள், பிள்ளை பெற்ற தாய்மார், கைக்குழந்தைகள் உள்ள வீடுகளில் அது ஆடம்பரம் அல்ல. விறகு அடுப்பில் பானை வைத்துக் காய்ச்சித் தூக்கிக்கொண்டு வந்த பெண்களின் சிரமம் குறைகிறது என்றால் எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஷவர் வேண்டாம் என்று நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. எந்த வயரில் அதைப் பூட்டப் போகிறீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இருக்காது. ஷவரின் நிறம் தெரியும், விலை தெரியும், எந்த நாட்டிலிருந்து வந்தது என்பது தெரியும். "பக்கத்தில் பிளக் பேஸ் இருக்கிறது, அதிலிருந்து எடுக்கலாம்" என்பார்கள்.

13 அம்பியர் பிளக் பேஸ் ஒன்றிலிருந்து எடுக்கக்கூடியது 230 வோல்ட்டில் 3 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. கடைகளில் விற்கும் சிறிய ஷவரே 3.5 கிலோவாட், அது 15 அம்பியர் இழுக்கும். 5.5 கிலோவாட் ஷவர் 24 அம்பியர் இழுக்கும். எங்கள் வீடுகளுக்கு வரும் சாதாரண ஒற்றைக்கட்ட இணைப்பே 30 அம்பியர்தான். இலண்டனிலிருந்து 9.5 கிலோவாட் ஷவர் ஒன்றைச் சூட்கேசில் கொண்டுவந்து பூட்டச் சொன்ன ஒருவரையும் சந்தித்தேன். அது தனியாகவே 38 அம்பியர் வரை கேட்கும். அவருடைய இலண்டன் வீட்டுக்கு வரும் இணைப்பு வேறு, அம்மாவின் வீட்டுக்கு வரும் இணைப்பு வேறு என்று விளங்கப்படுத்தியபோது அவர் நல்ல மனதோடு கேட்டுக்கொண்டார். எல்லோரும் அப்படிக் கேட்பதில்லை.

வயர் சூடாகி உருகுவது ஒரு ஆபத்து. அதை, கரண்ட் அளவுக்கு மேல் போனால் விழும் பிரேக்கர் ஓரளவுக்குப் பார்த்துக்கொள்ளும். நான் அதிகம் பயப்படுவது தண்ணீருக்குள் கரண்ட் வருவதற்கு. பிரேக்கர் இருப்பதால் உயிருக்குப் பாதுகாப்பு என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் மிகப் பலர். 32 அம்பியர் பிரேக்கர் 32 அம்பியருக்கு மேல் போனால்தான் அசையும். மனிதனின் கை ஒன்றைப் பிடித்த பிடியில் விடமுடியாமல் இறுகிப்போக 10 மில்லி அம்பியர் அளவே போதும். அதாவது ஒரு அம்பியரின் நூறில் ஒரு பங்கு. நனைந்த உடம்பின் தடை 1000 ஓம் என்று வைத்தால் 230 வோல்ட்டில் உடம்பூடாகப் போவது 230 மில்லி அம்பியர். இதயத் துடிப்பைக் குழப்பிவிட அது தாராளமாகப் போதும். பிரேக்கருக்கு அந்த 230 மில்லி அம்பியர் ஒரு சிறிய பல்ப் எரிவதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆள் விழுந்து கிடக்கும்போதும் அது மேலே தூக்கியபடியே நிற்கும்.

உயிரைப் பார்ப்பது ட்ரிப் சுவிட்ச். அதன் வேலையை நான் வீடுகளில் இப்படித்தான் சொல்வேன்: காலையில் பட்டியிலிருந்து மேய்ச்சலுக்குப் போன மாடுகள் அத்தனையும் மாலையில் திரும்பியிருக்கின்றனவா என்று படலையில் நின்று எண்ணுகிற ஆள் அது. லைன் வயரில் உள்ளே போன கரண்ட் முழுவதும் நியூட்ரல் வயரில் திரும்பி வர வேண்டும். 30 மில்லி அம்பியர் குறைந்தால், அது தண்ணீரூடாகவோ சுவரூடாகவோ ஒரு மனிதரின் உடம்பூடாகவோ மண்ணுக்குப் போகிறது என்று அர்த்தம். உடனே விழுந்துவிடும். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் அந்த அளவில் 0.3 செக்கனுக்குள் விழ வேண்டும், கசிவு 150 மில்லி அம்பியர் என்றால் 0.04 செக்கனுக்குள் விழ வேண்டும். இதயம் ஒரு தடவை துடித்து முடிக்கும் நேரத்தைவிட அது குறைவு.

ஏர்த் இருந்தால் ட்ரிப் எதற்கு, ட்ரிப் இருந்தால் ஏர்த் எதற்கு என்று என்னிடம் வாதாடுபவர்கள் உண்டு. இரண்டும் வேண்டும். எங்கள் நாட்டில் வீட்டின் ஏர்த் என்பது நாங்களே மண்ணில் அடித்த கம்பி. வன்னியின் கிரவல் மண், ஆவணி வெயிலில் காய்ந்து கிடக்கும்போது அந்தக் கம்பியின் தடை 100 ஓம் காட்டிய வீடுகளை நான் அளந்திருக்கிறேன். 230 வோல்ட்டை 100 ஓமால் பிரித்தால் 2.3 அம்பியர். ஷவரின் லைன் நேராக ஏர்த்தில் முட்டினாலும் 2.3 அம்பியர்தான் போகும், 32 அம்பியர் பிரேக்கர் காலம் முழுவதும் சும்மா நிற்கும். அதே 2.3 அம்பியருக்கு ட்ரிப் சுவிட்ச் கண் மூடித் திறப்பதற்குள் விழும். ஏர்த்தே இல்லாமல் ட்ரிப் மட்டும் இருந்தால்? கசிந்த கரண்ட் மண்ணுக்குப் போக வழியில்லாமல் ஷவரில் காத்துக்கொண்டிருக்கும். ஒருவர் தொட்டு, அவர் உடம்பூடாகப் போன பிறகுதான் ட்ரிப்புக்குத் தெரியவரும். ஏர்த் இருந்தால் ஒருவரும் தொடுவதற்கு முன்னரே விழுந்திருக்கும்.

கசிவு ஏன் வருகிறது என்பதற்கு எங்கள் கிணறுகளே ஒரு காரணம். பல இடங்களில் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர். ஷவருக்குள் இருக்கும் சூடாக்கும் சுருளின் மேலும் அதே படிவு ஏறுகிறது. படிவு ஏறிய இடத்தில் சூடு வெளியேற முடியாமல் சுருளின் உறை வெடிக்கிறது. அதன் பிறகு தண்ணீரே வயர்.

புதுக்குடியிருப்புக்கு அப்பால் ஒரு வீட்டில் நான் கண்டதைச் சொல்கிறேன். தனியாக இருக்கும் ஒரு ஆச்சி. மகள் வெளிநாட்டில். மகள் அனுப்பிய பணத்தில் ஷவர் பூட்டியிருந்தார்கள். "தம்பி, குழாயைப் பிடித்தால் கை விறுவிறுக்கிறது. மகள் செருப்புப் போட்டுக்கொண்டு குளிக்கச் சொன்னாள், அப்படித்தான் குளிக்கிறேன்" என்றார். இறப்பர் செருப்போடு எத்தனை நாள் அந்த அம்மா குளித்தாரோ தெரியாது. டெஸ்டரைக் குழாயில் வைத்தேன், எரிந்தது. ஷவரைத் திறந்தால் பச்சை மஞ்சள் ஏர்த் வயரை வெட்டி டேப் சுற்றி உள்ளே மடித்து வைத்திருந்தார்கள், ஏனென்றால் அதை இணைக்க அந்த லைனில் ஏர்த் இல்லை. பிரேக்கரும் ட்ரிப்பும் இருக்கும் பெட்டியைத் திறந்தபோது இன்னும் மோசம். ட்ரிப் சுவிட்ச் இருந்தது, புதியது, நல்லது. ஆனால் லைனும் நியூட்ரலும் அதற்குள் போகாமல் சுற்றிக்கொண்டு நேரே போயிருந்தன. மின்சார சபையினர் இணைப்புக் கொடுக்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்ததாம். பிறகு மழைக்காலத்தில் அடிக்கடி விழுகிறது, குளிர்சாதனப் பெட்டியில் வைத்த மீன் பழுதாகிறது என்று வேலைக்கு வந்த ஒரு பையனிடம் சொல்ல, அவன் நேரடியாக இணைத்துவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு ஒரு நாளும் விழவில்லை என்று ஆச்சி அவனை வாழ்த்தினார்.

அந்தப் பையன்மேல் எனக்கு வந்த கோபம் சாதாரணமானது அல்ல. ஆனால் யோசித்துப் பார்த்தால், விழுகிற ட்ரிப் சுவிட்சைக் குற்றவாளி என்று நினைப்பது அவன் மட்டும் அல்ல. யுத்தக் காலத்தில் பல வருடங்கள் வன்னியின் பெரும்பகுதியில் மின்சார சபையின் மின்சாரம் இருக்கவில்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளைகள்தான் இன்று வீடு கட்டுகிறார்கள். ஜெனரேற்றர் வைத்திருந்தவர்கள் பக்கத்து வீட்டுக்கு இரண்டு வயர் இழுத்து பல்ப் எரித்தார்கள், ஏர்த் என்று மூன்றாவது வயர் ஒன்று உண்டு என்பதே பேச்சில் இருக்கவில்லை. மீள்குடியேறிய பிறகு இந்திய வீட்டுத் திட்டத்தில் கிடைத்த ஐந்தரை இலட்சம் ரூபாவில் சுவரும் கூரையும் எழும்பின. நான் பார்த்த பல வீடுகளில் வயரிங் பிறகு, கையில் காசு வந்தபோது வந்தபோது துண்டு துண்டாக நடந்தது. குளியலறை அதற்கும் பிறகு. 2022 நெருக்கடியில் செப்பு வயரின் விலை ஏறியபோது ஏர்த் வயரைத்தான் முதலில் மிச்சம் பிடித்தார்கள். மற்ற நாடுகளில் இரண்டு தலைமுறையில் பழகிய விடயத்தை எங்கள் மக்கள் சில வருடங்களில் பழக வேண்டியிருக்கிறது. அவர்களுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியது எங்களைப் போன்ற தொழிலாளிகளின் கடமை.

ஆகவே விழுவதற்கான காரணத்தைத் தேடுங்கள். மழையில் தண்ணீர் புகுந்த முற்றத்து விளக்கு, கிணற்றடி மோட்டாரின் வெடித்த வயர், சுவர்ப் பெட்டிக்குள் புகுந்த எறும்புக் கூட்டம், பழைய குளிர்சாதனப் பெட்டி என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஐப்பசி இடிமழையில் சில நேரம் காரணம் இல்லாமலும் விழும், தூக்கிவிட்டால் நிற்கும். தூக்கியும் நிற்காவிட்டால் அது உங்களுக்கு ஏதோ சொல்கிறது.

முழு வீட்டையும் ஒரே ட்ரிப்பில் தொங்கவிடுவதுதான் பாதித் தொல்லைக்குக் காரணம். ஷவருக்கென்று பிரேக்கரும் ட்ரிப்பும் ஒன்றாகச் சேர்ந்த ஆர்.சி.பி.ஓ ஒன்றைத் தனியாகப் பூட்டினால், ஷவரில் கசிவு வந்தால் ஷவர் மட்டும் நிற்கும், மீன் பழுதாகாது. ஆனால் அதை வீட்டின் பிரதான ட்ரிப்புக்குப் பின்னால் எடுக்கக் கூடாது. எடுத்தால் எது முதலில் விழும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது, சில நேரம் இரண்டும் விழும். மெயின் சுவிட்சிலிருந்து நேராகத் தனியே எடுக்க வேண்டும். இன்னொன்றையும் இளம் தொழிலாளிகளுக்குச் சொல்கிறேன்: ஷவரின் நியூட்ரலை மற்ற லைன்களின் நியூட்ரலோடு கலக்காதீர்கள். ஒரு ட்ரிப்பூடாகப் போன கரண்ட் மற்றதன் நியூட்ரலில் திரும்பினால் இரண்டும் விழுந்துகொண்டே இருக்கும். பழுது எங்கே என்று தெரியாமல் கடைசியில் நேரடி இணைப்பில் கொண்டுபோய் விடுவீர்கள். நான் திருத்தப் போன நேரடி இணைப்புகள் பலவற்றின் தொடக்கம் இந்தக் கலந்த நியூட்ரல்தான்.

பெட்டியிலிருந்து ஷவர் வரைக்கும் இடையில் ஒட்டு இல்லாத தனி வயர். 3.5 கிலோவாட்டுக்கு 7/0.85, அதாவது 0.85 மில்லிமீற்றர் இழைகள் ஏழு சேர்ந்த வயர்; 5.5 கிலோவாட்டுக்கு 7/1.04. 7/0.85 போதும் என்று கடையில் சொல்லக்கூடும், ஆனால் எங்கள் ஓட்டுக்கூரையின் கீழ் இருக்கும் சூட்டில் வயரின் தாங்குசக்தி குறையும் என்பதால் பெரிய ஷவருக்கு நான் சின்ன வயரைத் தொடமாட்டேன். அதோடு சேர்த்து ஏர்த் வயர், அதை எக்காரணம் கொண்டும் வெட்டக் கூடாது. லைனையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டும் இரட்டை முனைச் சுவிட்ச் ஒன்று குளியலறைக்கு வெளியே, நனைந்த கை எட்டாத இடத்தில். குளியலறைக்குள் பிளக் பேஸ் வேண்டவே வேண்டாம்.

கடையில் ட்ரிப் சுவிட்ச் வாங்கும்போது அதன் முகத்தில் எழுதியிருப்பதை வாசியுங்கள். 40 அம்பியர் அல்லது 63 அம்பியர் என்று பெரிதாக இருப்பது அது தாங்கும் அளவு. விழும் அளவு 30 மில்லி அம்பியர் என்றோ 0.03 அம்பியர் என்றோ சிறிதாக இருக்கும். 100, 300 என்று இருப்பவை தீப்பிடிப்பதைத் தடுக்க உதவும், குளிக்கும் மனிதரைக் காக்க அவை போதாது.

வெளிநாட்டில் இருக்கும் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. பிரித்தானிய வயரிங் விதிகளின் 17ஆம் பதிப்பு 2008இல் வந்ததிலிருந்து, அங்கே புதிதாகச் செய்யும் வேலைகளில் குளியலறைக்குள் போகும் ஒவ்வொரு லைனுக்கும் 30 மில்லி அம்பியர் பாதுகாப்பு வேண்டும். அங்கே உங்கள் பிள்ளைகள் குளிக்கும் ஷவருக்கு இருக்கும் பாதுகாப்பை இங்கே உங்கள் அம்மாவுக்கும் கேளுங்கள். ஷவருக்குப் பணம் அனுப்பும்போது லைனுக்கும் ட்ரிப்புக்கும் ஏர்த்துக்கும் சேர்த்து அனுப்புங்கள். அங்கிருந்து ஷவரைக் கொண்டுவருவதானால் கிலோவாட்டைப் பார்த்துக் கொண்டுவாருங்கள். அதன் வயர்கள் மண்ணிறம், நீலம் என்று இருக்கும். எங்கள் பழைய வீடுகளில் சிவப்பும் கறுப்பும். எது எதுவென்று தெரியாத ஒருவரிடம் அதைக் கொடுக்காதீர்கள்.

மின்சார சபையிடம் நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் அல்ல. மாதப் பட்டியலோடு ஒரு துண்டுக் காகிதம், தமிழில், ட்ரிப் சுவிட்சில் உள்ள டெஸ்ட் பொத்தானின் படத்தோடு. மானி வாசிக்க வருபவர் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் இருக்கிறது. அங்கே மின்தொழில் படிக்கும் பிள்ளைகள் தங்கள் ஆசிரியர்களோடு ஒரு கிராமத்தை எடுத்து, வீடு வீடாக ஏர்த்தையும் ட்ரிப்பையும் அளந்து கொடுத்தால் அவர்களுக்கும் படிப்பு, மக்களுக்கும் உதவி. என்னைப் போன்றவர்கள் கூட வரத் தயார்.

உங்கள் செய்தியாளர்களிடம் நான் கேட்பது, முதலில் சொன்ன மூன்று கேள்விகளையும் பொலிஸாரிடமும் வீட்டாரிடமும் கேட்டு எழுதுங்கள் என்பதே. ட்ரிப் சுவிட்ச் நேரடியாக இணைக்கப்பட்டிருந்தது என்று ஒரு செய்தியில் ஒரு வரி வந்தால், அதை வாசிக்கும் பல பேர் அன்றே தங்கள் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள்.

ஆச்சியின் வீட்டில் அன்று ஷவரைக் கழற்றி வைத்துவிட்டு, லைன் இழுக்கும் வரைக்கும் அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக் குளியுங்கள் அம்மா என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. புதிய லைனும் தனி ட்ரிப்பும் புதிய ஏர்த் கம்பியும் போட்டு, ஷவரின் சுருளையும் மாற்றிய பிறகு, மகளை வீடியோ அழைப்பில் வைத்துக்கொண்டு அவரையே டெஸ்ட் பொத்தானை அழுத்தச் சொன்னேன். விழுந்தது. அதை இந்தக் கடிதத்தை வாசிக்கும் எவரும் இன்றைக்கே செய்யலாம். மின்சாரம் இருக்கும் நேரத்தில், குளிக்கும் ஆள் ஒருவரும் இல்லாதபோது, T என்ற ஆங்கில எழுத்துப் போட்ட அந்தச் சிறிய பொத்தானை அழுத்துங்கள். விழுந்தால் தூக்கிவிட்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பவும் அழுத்திப் பாருங்கள். அந்தப் பொத்தான் ஏர்த்தைச் சோதிக்காது, ஏர்த்தை அளக்க ஆளைக் கூப்பிடத்தான் வேண்டும். அழுத்தியும் விழாவிட்டால், தகுதியுள்ள ஒரு மின்தொழிலாளி வந்து பெட்டியைத் திறந்து பார்க்கும் வரைக்கும் அந்த வீட்டில் ஒருவரும் ஷவரின் கீழ் நிற்க வேண்டாம்.

இப்படிக்கு,
வீட்டு வயரிங் தொழிலாளி,
வட்டக்கச்சி, கிளிநொச்சி.